கியர்பாக்ஸுக்குள் பள்ளத்துத் தண்ணீர்: எங்கள் பிக்கப் வண்டிக்கு நடந்தது முழுசாக

டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் கியர்பாக்ஸில் இருந்து டீ கொட்டியது. மிகைப்படுத்தவில்லை. பேக்கரியில் கண்ணாடி டம்ளரில் பால் தூக்கலாகப் போட்டுத் தருவார்களே, அதே நிறம், மேலே அதே நுரை. பட்டறை மேஸ்திரி ஒரு விரலை அதில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எத்தன நாளாச்சுங்க தண்ணியில விட்டு?" என்றார். ஒன்பது நாள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். கியர்பாக்ஸில் போட்டிருந்தது 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வாளியில் விழுந்தது இரண்டரை லிட்டருக்கும் மேல். ஆயில் குறைந்து பார்த்திருக்கிறேன், ஒழுகிப் பார்த்திருக்கிறேன், போட்டதைவிட எச்சாக வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஈரோடு மாவட்டம் கோபிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மச்சானும் நானும் பங்கு போட்டு ஒன்றரை டன் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறோம். மஞ்சள், மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு, வாழைத்தார் என்று எது அமைகிறதோ அதை ஏற்றுவோம். டீசல், ஐந்து கியர், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண வண்டி, அப்போது 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஃபோர் வீல் எல்லாம் கிடையாது. அப்படிப்பட்ட வண்டியைக் கொண்டுபோய்க் காட்டாற்றில் இறக்கியது நான்தான், மச்சான் இல்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அவனும் இதைப் படிப்பான்.

ஐப்பசி மாதம். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் பக்கம் சோளம் ஏற்றப் போயிருந்தேன். சத்தியமங்கலத்தில் இருந்து கே.என்.பாளையம் வழியாக மலையேறி, கடம்பூர் தாண்டி உள்ளே போகிற தடம் அது. குறுக்கே சர்க்கரைப் பள்ளம், குரும்பூர்ப் பள்ளம் என்று இரண்டு வரும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் பள்ளம் என்றால் குழி இல்லை, ஓடை. மேலே எங்கேயாவது பெய்தால் இங்கே சுள்ளென்று வெயிலடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும், பஸ் நின்றுபோகும், சனம் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக உட்கார்ந்திருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மணிக்கு மேல் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வடிந்துவிட்டது என்றார்கள். முன்னால் ஒரு டிராக்டர் போனது. அதன் சக்கரத் தடத்திலேயே போனால் போதும் என்று நானும் இறக்கினேன், 60 கிலோ மூட்டை 25 பின்னால் இருக்கிறது. ஆனால் டிராக்டரின் பின்சக்கரம் ஆள் உயரம், அது தாண்டுகிற கல்லை என் சக்கரம் தாண்டுமா என்று யோசிக்கவில்லை. பாதிக்கு மேல் போனதும் இடது பின்சக்கரம் இரண்டு பாறைக்கு நடுவில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. வண்டி சாய்ந்ததும் தண்ணீர் அந்தப் பக்கம் சேஸிஸுக்கு மேலே வந்துவிட்டது, சைலன்சர் வாய் தண்ணீருக்குள் போய் குபுகுபுவென்று கொதிக்கிற மாதிரி சத்தம். டிராக்டர்க்காரர் அந்தக் கரையில் இருந்து கத்தினார்: "இஞ்சின மட்டும் நிறுத்தீராதீங்ணா, ஏத்தியே வையிங்க!" நிறுத்தவில்லை. நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் கயிறு தேடி, திரும்பி வந்து, கட்டி இழுக்க இருபது நிமிடம் ஆனது. அவர் சொன்னது எஞ்சினுக்கு நல்ல யோசனை. அந்த இருபது நிமிடமும் கியர்பாக்ஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் இந்தக் கதை.

மறுநாள் எனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினேன், காய்ந்திருந்தது. எஞ்சின் ஆயில் குச்சியை இழுத்தேன், கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. பிரேக்கை நாலு தடவை மிதித்து மிதித்துக் காய வைத்தேன். சேறு போகட்டும் என்று வாட்டர் சர்வீஸ் விட்டேன். அப்புறம் என்ன, பெரிய ஆபத்தில் தப்பித்தோம் என்று பண்ணாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு லோடு அடிக்கப் போய்விட்டேன். தண்ணீர் என்றால் எஞ்சின்தான் கெடும் என்று மண்டைக்குள் ஏறியிருந்தது. கியர்பாக்ஸும், பின் அச்சில் பல்சக்கரங்கள் இருக்கிற ஹவுசிங்கும் நாலாபக்கமும் மூடின இரும்புப் பெட்டி, அதற்குள் எப்படிப் போகும் என்ற நினைப்பு.

அறிகுறிகள்

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, காலையில் முதல் ஓட்டத்தில் இரண்டாவது கியர் விழும்போது ஒரு நெருடல். குளிருக்கு ஆயில் கெட்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐப்பசியில் கோபியில் எவ்வளவு குளிர் இருந்துவிடப்போகிறது என்று இப்போது கேட்கிறேன். ஏழாவது நாள் சத்தம் வந்தது. நின்றபடி நியூட்ரலில் ஓடும்போது மாவு மில்லைத் தூரத்தில் இருந்து கேட்கிற மாதிரி ஒரு கொர்ர். கிளட்சை மிதித்தால் சத்தம் நின்றுவிடும், விட்டால் திரும்ப வரும்.

இது முக்கியமான தடயம் என்று மேஸ்திரி பின்னால் விளக்கினார். எஞ்சின் ஓடி, கியர் நியூட்ரலில் இருந்து, கிளட்ச் விட்டிருந்தால் கியர்பாக்ஸுக்குள் முன்பக்க ஷாஃப்டும் கீழே இருக்கிற லே ஷாஃப்டும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கிளட்சை மிதித்தால் இரண்டும் நின்றுவிடும். ஆக, மிதித்ததும் அடங்குகிற சத்தம் அந்த இரண்டின் பேரிங்கில் இருந்து வருகிறது. மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்ச் பேரிங், கதையே வேறு. இன்னொன்றும் கேட்டார், "நாலாவதுல போறப்ப சத்தம் கொறையுதுங்களா?" யோசித்துப் பார்த்தால் ஆமாம், குறைந்தது. இந்த மாதிரி பின்சக்கரம் இழுக்கிற ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் நாலாவது நேர் கியர், முன்ஷாஃப்டில் இருந்து சக்தி நேராகப் பின்ஷாஃப்டுக்குப் போய்விடும், லே ஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுற்றும். அதனால் பேரிங் போனது லே ஷாஃப்டில் என்று, ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் சொல்லிவிட்டார்.

ஒன்பதாவது நாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் மேல்பக்கத்தில் இருந்து பக்கவாட்டில் ஒரு வழிசல், ஆயில் நிறத்தில் இல்லை, காய்ந்துபோன மோர் மாதிரி வெளுப்பாக. அதைப் பார்த்த பிறகுதான் பட்டறைக்குப் போனேன்.

எப்படிப் போனது

பட்டறையில் இருந்த பையன் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டான்: வாட்டர் சர்வீஸ்காரன் அழுத்தத்தில் அடித்ததில் போயிருக்கும் என்று. அப்படியும் நடக்கும்தான், கன்னை நேராகக் கொண்டுபோய் கியர்பாக்ஸ் மேல் பிடித்தால் பிரீதர் என்கிற மூச்சுக்குழல் வழியாகத் தண்ணீர் இறங்கும். பழியை வேறொருவர் மேல் போட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அரை லிட்டர் அப்படி இறங்காது. தவிர வாளியின் அடியில் படிந்திருந்த வண்டலை மேஸ்திரி கொஞ்சம் எடுத்து, பெட்ரோலில் அலசி, வெள்ளைத் தகரத்தில் பரப்பினார். தங்கத் துகள் மாதிரி மின்னியது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளைக் கோன் அரைபட்டுப்போனால் ஆயிலில் அப்படித்தான் மின்னும். மேஸ்திரி காந்தத்தை அருகில் கொண்டுபோனார், கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டியது, அது இரும்பு, பேரிங்கில் இருந்து வந்தது. மின்னுவது ஒட்டவில்லை. ஆனால் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாதே. அதனால் ஒரு துகளை நகத்தில் வைத்து இன்னொரு நகத்தால் கீறினார். அது ஏடு ஏடாகப் பிரிந்தது. "காக்காப்பொன்னுங்க," என்றார், "பள்ளத்து மணல்." காக்காப்பொன் என்றால் மைக்கா. பித்தளை அப்படிப் பிரியாது, நசுங்கும். நாலைந்து துகள் நசுங்கவும் செய்தது, அதாவது கோனும் தேய ஆரம்பித்திருந்தது, ஆனால் முக்கால்வாசி காக்காப்பொன். போர் தண்ணீரில் அடிக்கிற வாட்டர் சர்வீஸில் காக்காப்பொன் ஏது? அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது. பையன் போய் டீ வாங்கி வந்தான், எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

சரி, மூடின பெட்டிக்குள் எப்படிப் போனது. அந்த பிரீதர் வழியாகத்தான், கியர்பாக்ஸ் தலையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன மூச்சுக்குழல், மேலே ஒரு மூடி. வண்டி ஓடினால் கியர்பாக்ஸ் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும், அது வெளியே போக வழி வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். அதற்குத்தான் அந்தக் குழல். மலைத் தடத்தில் லோடோடு ஒன்றிலும் இரண்டிலும் மாறிமாறி இழுத்து வந்த வண்டி, கியர்பாக்ஸ் மேல் கை வைக்க முடியாத சூட்டில் இருந்திருக்கும். அதை அப்படியே கொண்டுபோய் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினேன். விரிந்த காற்று சுருங்கும். சூடான சோற்றைப் போட்டு இறுக்கி மூடிய டிபன் பாக்ஸ், ஆறின பிறகு மூடி திறக்காமல் அடம் பிடிக்குமே, அதே சமாச்சாரம். அந்தச் சமயத்தில் பெட்டியே உறிஞ்சும், பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். உள்ளே 80 டிகிரி இருந்து 30 டிகிரிக்கு இறங்கியது என்று வைத்துக்கொண்டால், தனி வெப்பநிலையில் அது 353-லிருந்து 303. காற்றழுத்தம் நூற்றுக்குப் பதினாலு பங்கு குறையும். அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்துகிற அழுத்தத்துக்குச் சமம். என் கியர்பாக்ஸ் மேல் நின்ற தண்ணீர் ஒரு சாண் இருக்கும். அதாவது பள்ளத்துத் தண்ணீர் தன் ஆழத்தால் தள்ளியதைவிட, என் கியர்பாக்ஸ் தன் சூட்டால் இழுத்தது பல மடங்கு. உள்ளே ஆயில் போக 2 லிட்டர் காற்று இடம் இருந்தால், பதினாலு பங்கு என்பது கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆழமாக இருந்ததால் போயிற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். சில்லென்று இருந்த வண்டியை அதே ஆழத்தில் அதே இருபது நிமிடம் நிறுத்தியிருந்தால் இதில் பாதிகூடப் போயிருக்காது என்பது என் கணிப்பு.

ஆனால் அளந்தபோது வந்தது அரை லிட்டர். மிச்சம் எங்கிருந்து? பிரீதரின் மூடியே இல்லை, எப்போது உடைந்து விழுந்ததோ, வெறும் குழல் வானத்தைப் பார்த்து நின்றது. பின்பக்க ஆயில் சீலைக் கழற்றியபோது அதன் உதட்டுக்கு உள்பக்கமும் மெல்லிய வண்டல் கோடு இருந்தது. ஆயில் சீலின் உதடு உள்ளே பார்த்தபடி இருக்கும், உள்ளே இருக்கிற ஆயிலை வெளியே விடாமல் பிடிப்பதுதான் அதற்குத் தெரிந்த வேலை. வெளியில் இருந்து வருவதை, அதுவும் உள்ளே உறிஞ்சும்போது, தடுக்க அது செய்யப்படவில்லை. 1,40,000 ஓடித் தேய்ந்த சீல் வேறு. இரண்டு வழியிலும் போயிருக்கிறது என்று முடிவு செய்தோம்.

ஹவுசிங்கையும் திறந்து பார்த்தோம், அதிலும் பால் நிறம்தான், ஆனால் வெளிறல் குறைவு. அதன் பிரீதர் மூடி ஒழுங்காக இருந்தது, தட்டினால் கடகடவென்று ஆடியது. அதனால் தப்பித்தது என்று சொல்லலாம், பாதி.

முதலில் கழுவிப் பார்த்தோம்

மேஸ்திரி முதல் நாளே கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கிவிடலாம் என்றார். நான்தான் காசுக்குப் பயந்து, ஆயிலை மட்டும் மாற்றிப் பார்க்கலாமுங்க என்று கெஞ்சினேன். பழைய ஆட்கள் டீசல் ஊற்றி ஓட்டிக் கழுவுவார்கள். அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீசலில் கியர் சுற்றினால் பல்லுக்கும் பேரிங்குக்கும் நடுவில் படலம் நிற்காது, தண்ணீர் கெடுக்காமல் விட்டதை டீசல் கெடுக்கும் என்றார். விலை குறைந்த கியர் ஆயில் வாங்கி ஊற்றி, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கட்டை கொடுத்து, ஒவ்வொரு கியரிலும் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட விட்டு, சூட்டோடு இறக்கினோம். இரண்டு தடவை இப்படி.

சின்னச் சண்டை ஒன்று இங்கே நடந்தது. கடையில் நான் வாங்கி வந்த டப்பாவில் ஜிஎல்5 என்று ஆயிலின் தரக் குறியீடு போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். ஹவுசிங்குக்கு அதுதான் சரி, அதில் அழுத்தம் தாங்குகிற கந்தகச் சேர்மானம் கூடுதல். ஆனால் அதே சேர்மானம் சூட்டில் பித்தளைக் கோனைத் தின்னும் என்று கியர்பாக்ஸுக்கு ஜிஎல்4-தான் ஊற்றுவார். கையேட்டிலும் 80டபிள்யூ90 ஜிஎல்4 என்றுதான் இருந்தது, நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை.

தண்ணீர் முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்க அவர் வைத்திருக்கிற சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டறையில் பழைய தோசைக்கல் ஒன்று கிடக்கிறது. அதை அடுப்பில் காய வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஆயிலில் ஒரே ஒரு சொட்டு. முதலில் இறக்கின ஆயில் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று பொரிந்தது. ஒரு தடவை கழுவின பிறகு எடுத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு பொரி. இரண்டாவது கழுவலும் முடிந்து ஊற்றின ஆயிலில் சத்தமே இல்லை, புகை மட்டும். ஆயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலே இந்தச் சோதனையில் தெரிந்துவிடும், கண்ணுக்கு நிறம் மாறுவதற்கு முன்னாலேயே. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள், சமையல் தோசைக்கல்லைத் தொடவும் தொடாதீர்கள்.

ஓட்டினால் சூட்டில் ஆவியாகிப் போய்விடாதா என்று சிலர் கேட்பார்கள். போகாது. கியர்பாக்ஸ் சாதாரணமாகத் தண்ணீர் கொதிக்கிற அளவுக்குச் சூடாவதில்லை, ஆவியாகிற கொஞ்சமும் ராத்திரி மேல் மூடியில் வியர்த்துத் திரும்ப உள்ளேயே சொட்டும்.

ஆயில் தெளிந்துவிட்டது. சத்தம் போகவில்லை. நியூட்ரலில் அதே மாவு மில். மூன்றாவது தடவை ஊற்றின நல்ல ஆயில் வீண். மறுநாள் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிட்டேன்.

உள்ளே பார்த்தது

லே ஷாஃப்ட் பேரிங்கின் வெளிவளையத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, உள்பக்கத்தில் கீழ்ப்பகுதியில் மட்டும் குறுக்குக் கோடுகள், ஒரே இடைவெளியில். அந்த இடைவெளி உருளைக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியேதான். ராத்திரி வண்டி நிற்கும்போது உருளைகள் எங்கே உட்கார்ந்திருந்தனவோ அங்கே ஈரம் தேங்கித் துரு அரித்த தடம் அது. மறுநாள் ஓட்டும்போது உருளை அந்தத் துருப் பள்ளத்தின் மேல் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பெயர்க்கிறது. ஒன்பது ராத்திரி, ஒன்பது பகல். நான் கேட்ட கொர்ர் என்பது ஒவ்வொரு உருளையும் அந்தக் கோடுகளைத் தாண்டுகிற சத்தம்.

கியர் மாற்றுகிற ஃபோர்க் கம்பிகள் ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பவை, அதனால் தப்பித்திருக்கும் என்று நான் நினைத்தேன். அவைதான் செம்மண் நிறத்தில் இருந்தன. மேலே எழும்பின ஈர ஆவி ஆயில் படாத இரும்பைத்தான் முதலில் பிடித்திருக்கிறது. இரண்டாவது கியர் நெருடலுக்குப் பாதிக் காரணம் அந்தக் கம்பி, மீதி தேய்ந்த கோன். பல் சக்கரங்களில் ஒரு கீறல்கூட இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கிளட்ச் கூண்டுக்குள் ஒரு கைப்பிடி மணல் இருந்தது. கியர்பாக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகிற புரொபெல்லர் ஷாஃப்டின் மூட்டில், அதாவது கிராஸில், கிரீஸ் சாம்பல் நிறமாகிப்போயிருந்ததால் அதையும், பின்சக்கர பேரிங் கிரீஸையும் மாற்றினோம்.

பேரிங் செட், இரண்டு கோன், சீல்கள், கேஸ்கெட், கிராஸ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய். வண்டி ஆறு நாள் நின்றது, அறுவடைச் சமயம், அந்த வாடகை தனி. பள்ளத்தில் இருந்து வந்த மறுநாளே ஆயிலை இறக்கி, மூன்று தடவை கழுவி ஊற்றியிருந்தால்கூட நாலாயிரம் தாண்டியிருக்காது. இன்சூரன்ஸ் கேட்டுப் பார்த்தேன். சாதாரண பாலிசியில் தொடர்விளைவாக வருகிற நட்டத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இடமில்லை, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகக் காசு கட்டிச் சேர்த்தால்தான் இந்த மாதிரி விஷயத்தைப் பேசவே முடியும், அதிலும் தண்ணீரில் விட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று கேட்பார்கள். ஒன்பது நாள் என்று அங்கேயும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை மலைக்காரர்கள் சமாச்சாரம் என்று கோயமுத்தூர்க்காரர்கள் தள்ளிவிட வேண்டாம். லங்கா கார்னர் பாலத்துக்குக் கீழே மழை நாளில் முழங்கால் தண்ணீரில் வரிசையில் நிற்கிற கார் எல்லாம் ஊருக்குள் முக்கால் மணி நேரம் ஊர்ந்து சூடேறி வந்து நிற்பவைதான். ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் இன்னும் மோசம், அதில் உள்ளே இருக்கிற தட்டுகளின் உராய்வுப் படலம் பசையில் ஒட்டினது, தண்ணீர் பட்டால் ஊறி உரியும். ஆயில் ரோஜாப்பால் நிறத்தில் வந்தால் அப்புறம் கழுவுவதில் அர்த்தமே இருக்காது பல சமயம். மஹிந்திரா தார் ஜீப்புக்கு 650 மில்லிமீட்டர், லேண்ட் ரோவர் டிஃபென்டருக்கு 900 என்று தண்ணீரில் இறங்கும் ஆழம் கம்பெனியே கொடுக்கிறது, ஆனால் அது மெதுவாகக் கடந்து போவதற்குச் சொன்ன கணக்கு, நடுவில் நிறுத்திவைத்து உட்கார்ந்திருப்பதற்கு இல்லை.

பிறகு செய்தது

பிரீதருக்கு மூடி வாங்கிப் போடுவதற்குப் பதில், அந்தக் குழலில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, எஞ்சின் அறையில் பேட்டரி உயரத்துக்குக் கொண்டுபோய், முனையை வளைத்துக் கீழே பார்க்க வைத்து, தூசி போகாமல் இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் டீசல் ஃபில்டரைச் செருகினோம். ஹவுசிங்குக்குத் தனியாக இன்னொன்று, அச்சு மேலும் கீழும் ஆடும்போது இழுபடாமல் தொங்கல் விட்டு. இரண்டுக்கும் சேர்த்து 400 ரூபாய்கூட ஆகவில்லை. கிளிப்பை மட்டும் அளவாக இறுக்க வேண்டும், ஹோஸ் நசுங்கி அடைபட்டால் மூச்சு முட்டி, தண்ணீர் வருவதற்குப் பதில் ஆயில் வெளியே போகும்.

மறுநாள் காலைச் சோதனையும் கற்றுக்கொடுத்தார். தண்ணீரில் விட்ட வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல், டிரெயின் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரை மட்டும் தளர்த்த வேண்டும். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், இன்னும் அதிகம் கடைபடாமல் இருந்தால் அடியில் இறங்கி நிற்கும், முதலில் அதுதான் சொட்டும். கறுப்பாக ஆயில் சொட்டினால் இறுக்கிவிட்டுப் போகலாம். வெளுப்பாகவோ தண்ணீராகவோ வந்தால் சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதற்கும் முன்னால் ஒன்று: ஆயில் ஊற்றுகிற லெவல் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரெயின் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். கீழே இறக்கிவிட்டு, மேலே போல்ட் துருப்பிடித்துக் கழலாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறாராம்.

கார்த்திகையில் திரும்ப அதே தடத்தில் லோடு வந்தது. மச்சான் கூடவே ஏறிக்கொண்டான், நம்பிக்கை இல்லை. குரும்பூர்ப் பள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. கரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, அடியில் படுத்துக் கியர்பாக்ஸைத் தொட்டுப் பார்த்தேன், கை பொறுக்கவில்லை. பின்னால் வந்த டிராக்டர் போனது, ஒரு ஜீப் போனது, இரண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் பொரிகடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"வண்டிக்கு என்னாச்சுங்?" என்றார் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்.

"ஒண்ணுமில்லீங்கய்யா, சூடு ஆறோணும்."

"வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். மச்சான் சிரித்த சிரிப்பு அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தொட்டேன், கை வைக்க முடிந்தது. முதல் கியரில் போட்டு நிறுத்தாமல் கடந்தோம். மறுநாள் விடிகாலை, சாவியைத் தொடாமல் அடியில் படுத்து போல்ட்டை இரண்டு மரை தளர்த்தினேன். மச்சான் செல்போன் வெளிச்சம் பிடித்தான். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை, அப்புறம் ஒரு சொட்டு, கறுப்பாக, விரலில் வழுக்கியது. இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனோம்.